பேட்ச் போட்ட பிறகு கணினி மெதுவாகிவிட்டதா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற இரண்டு பிராசசர் ஓட்டைகள் 2018 ஜனவரி 3-ஆம் தேதி வெளியே வந்தன. அவற்றை அடைக்க பேட்ச் எனப்படும் பாதுகாப்பு அப்டேட்கள் வந்தன. அன்று முதல் கணினி எதற்காகத் திணறினாலும் "அந்த பேட்ச்தான் காரணம்" என்று சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. பல சமயம் அது உண்மைதான். ஆனால் பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று முடிகிற நேரங்களும் அதே அளவுக்கு உண்டு. பேட்சை நீக்கிவிட்டு, வேகமும் திரும்பாமல் பாதுகாப்பும் போய் நிற்பவர்கள் இந்த இரண்டாம் வகையினர்தான். எனவே எதையும் அணைக்கும் முன், உங்கள் அறிகுறி இந்த பேட்சுக்கு உரியதா என்று பார்த்துவிடலாம்.

முதலில், விலை எங்கே விழுகிறது?

பிராசசர் அடுத்து என்ன கட்டளை வரும் என்று ஊகித்து, முன்கூட்டியே வேலையைத் தொடங்கிவிடும். ஊகம் தப்பினால் முடிவைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் கேஷ் என்ற, பிராசசரின் சின்ன அதிவேக நினைவகத்தில் அதன் தடயம் தங்கிவிடுகிறது. எதைப் படிக்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தே அந்தத் தடயத்திலிருந்து ரகசியத்தை உருவிவிடலாம். சிலிக்கானைத் திறந்து இதைச் சரிசெய்ய முடியாது என்பதால், இயங்குதளமும் மைக்ரோகோடும் (பிராசசருக்குள் ஏற்றப்படும் அடிமட்ட நிரல்) சில குறுக்குவழிகளை அடைக்கின்றன.

மெல்ட்டவுனுக்கான தீர்வு, சாதாரண நிரல்கள் ஓடும்போது கர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) நினைவக வரைபடத்தை அவற்றின் பார்வையிலிருந்தே எடுத்துவிடுவது. லினக்ஸில் இதற்கு கேபிடிஐ என்று பெயர், விண்டோஸில் கேவிஏ ஷேடோ. ஒரு நிரல் கோப்பைத் திறந்தாலும், படித்தாலும், நெட்வொர்க்கில் எதையாவது அனுப்பினாலும் கர்னலுக்குள் போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் பேஜ் டேபிளை (நினைவக முகவரிகளின் அட்டவணை) மாற்ற வேண்டும், திரும்பும்போது மறுபடி மாற்ற வேண்டும். சுங்கச்சாவடிக் கட்டணம் மாதிரிதான் இது: எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீர்கள் என்பதற்கு அல்ல, எத்தனை முறை சாவடியைத் தாண்டினீர்கள் என்பதற்குக் காசு. ஒரு மணி நேரம் முழுக்கக் கணக்குப் போடும் நிரலுக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. நொடிக்கு லட்சக்கணக்கான முறை கர்னலைத் தட்டும் நிரல் மாட்டிக்கொள்ளும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணால் பார்க்கலாம். டிடி (dd) என்ற நகலெடுக்கும் கட்டளையால் 1 ஜிபி வெற்றுத் தரவை எடுத்து, வந்ததையெல்லாம் தூக்கி எறியும் நல் (null) சாதனத்தில் கொட்டுங்கள். துண்டின் அளவை 512 பைட் என்று வைத்தால் சுமார் 21 லட்சம் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசிப்பு, ஒரு எழுத்து என்று ஏறக்குறைய 42 லட்சம் தாண்டல்கள். துண்டை 1 எம்பி ஆக்கினால் மொத்தமே 2,048 தாண்டல்கள்தான். பாதிக்கப்பட்ட இன்டெல் பிராசசரில், கர்னலை ஒருமுறை நோபிடிஐ என்ற விருப்பத்தோடும் ஒருமுறை அது இல்லாமலும் துவக்கி, இரண்டு அளவுகளிலும் நேரம் பாருங்கள். முதல் அளவில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், இரண்டாவதில் தேடினாலும் கிடைக்காது. கீழே வரும் பெரும்பாலான அறிகுறிகளுக்கும் இதுதான் உரைகல்.

அறிகுறி: சின்னச் சின்னக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருக்கும் வேலை எல்லாம் மந்தம்

ஜிப் கோப்பை விரிப்பது, பெரிய மென்பொருள் திட்டத்தை கம்பைல் செய்வது (எழுதிய வரிகளை ஓடும் நிரலாக மாற்றுவது), நிரல் பதிப்புகளைக் காக்கும் கிட் களஞ்சியத்தில் நிலவரம் கேட்பது, ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள ஃபோல்டரை நகலெடுப்பது. இவை மட்டும் மெதுவாகி, ஒரே பெரிய வீடியோ கோப்பை நகலெடுப்பது பழைய வேகத்திலேயே இருந்தால் பேட்ச் மீது சந்தேகப்படலாம். இது அச்சு அசலான அறிகுறி.

விண்டோஸில் உறுதி செய்ய டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூ வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, 'ஷோ கர்னல் டைம்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரைபடத்துக்குள் இன்னொரு அடர்த்தியான பகுதி முளைக்கும். அதுதான் கர்னலுக்குள் செலவான நேரம். மந்தமான வேலை ஓடும்போது அந்த அடர்பகுதி மொத்தக் கோட்டின் பாதியைத் தொட்டால் உங்கள் வேலை சாவடியிலேயே நிற்கிறது என்று அர்த்தம். அடியோடு ஒட்டிக் கிடந்தால் காரணம் வேறெங்கோ.

இந்த இடத்தில் ஆன்ட்டிவைரஸை மறந்துவிடக் கூடாது. ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போது அது இடையில் புகுந்து பார்ப்பதால் தாண்டல்களும் பெருகுகின்றன, பேட்சின் விலையும் கூடவே பெருகுகிறது. நீங்களே எழுதும் நிரல்கள் இருக்கும் ஃபோல்டரை மட்டும் ஸ்கேனிலிருந்து விலக்கிவிட்டு மறுபடி நேரம் பாருங்கள். பலருக்கு பேட்ச் தின்றதைவிட அதிகமான வேகம் இங்கேயே திரும்பிவிடும், அதுவும் ஓட்டையைத் திறக்காமல்.

எவ்வளவு இழப்பு நியாயமானது? 2018 ஜனவரியில் இன்டெல் வெளியிட்ட அளவீடுகளில், பொதுவான அலுவலக வேலைகளுக்கு 8-ஆம் தலைமுறை பிராசசர்களில் 6 சதவீதத்துக்குள், 7-ஆம் தலைமுறையில் சுமார் 7, 6-ஆம் தலைமுறையில் சுமார் 8 சதவீதம். ஜாவாஸ்கிரிப்ட் அதிகமுள்ள இணையச் செயலிகளில் 10 சதவீதம் வரை போகலாம் என்றும் சொன்னார்கள். பழைய கணினிக்கு அடி பலமாக விழும். 2015 காலத்துக் கணினிகளில், ஹாஸ்வெல் (இன்டெல் 4-ஆம் தலைமுறை) அல்லது அதற்கும் பழைய பிராசசரில் விண்டோஸ் 7, 8 ஓட்டுபவர்களில் பெரும்பாலோருக்கு வேகம் குறைந்தது தெரியும் என்று மைக்ரோசாஃப்ட்டே அப்போது எழுதியது. இதற்கு ஒரு காரணம் பிசிஐடி என்ற வசதி. பேஜ் டேபிளை மாற்றும் ஒவ்வொரு முறையும் முகவரிக் குறிப்புகளைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்காமல், அடையாள எண் போட்டு வைத்துக்கொள்ள அது உதவும். பிராசசரிலும் இருக்க வேண்டும், இயங்குதளமும் அதைப் பயன்படுத்த வேண்டும்.

ஆகவே இழப்பு 5, 8 சதவீதம் என்றால் அது பேட்ச். கணினி பாதியாகப் படுத்துவிட்டது என்றால் தொடர்ந்து படியுங்கள்.

அறிகுறி: பயாஸ் அப்டேட் செய்தேன், அன்றிலிருந்து எல்லாமே மந்தம்

இதில்தான் தவறான தீர்ப்புகள் அதிகம். மைக்ரோகோடு வேண்டும் என்பதற்காக பயாஸை (கணினியைத் துவக்கும், மதர்போர்டிலுள்ள மென்பொருள்) புதுப்பிக்கிறோம். பல மதர்போர்டுகளில் புதுப்பித்தவுடன் எல்லா அமைப்புகளும் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிடும். ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ புரொஃபைலும் அதோடு அணைந்துவிடும். 3200-இல் ஓடிய ரேம் சத்தமில்லாமல் 2133-க்கோ 2400-க்கோ இறங்கிவிடும், பழி மைக்ரோகோடு மேல் விழும்.

டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதிக்குப் போய் 'ஸ்பீட்' என்ற எண்ணைப் பாருங்கள். நீங்கள் வாங்கிய ரேமின் எண்ணைவிடக் குறைவாக இருந்தால் பயாஸுக்குள் போய் புரொஃபைலை மறுபடி இயக்குங்கள். கூடவே அங்கே ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரில் இரண்டு த்ரெட்களை, அதாவது இரண்டு வேலைகளை, ஓட்டும் வசதி), விசிறி அமைப்பு, பிராசசரின் மின் வரம்பு ஆகியவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: கேம்களில் ஃபிரேம் ரேட் விழுந்துவிட்டது

பெரும்பாலும் பேட்ச் இல்லை. கேமின் கனமான வேலை கிராஃபிக்ஸ் கார்டிலும் நிரலின் சொந்தக் கணக்குகளிலும் நடக்கிறது. கர்னலைத் தாண்டுவது அதில் கொஞ்சம்தான். கிராஃபிக்ஸ் டிரைவர் அதே வாரத்தில் மாறியதா என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், விண்டோஸ் 11-இல் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்றொரு அமைப்பு உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன் என்று போனால் தெரியும். இது மெல்ட்டவுன் வகையறாவுக்கான மருந்து அல்ல, தனிப் பாதுகாப்பு. ஆனால் கேம்களை மெதுவாக்கக்கூடியது. இன்டெல் 7-ஆம் தலைமுறை கேபி லேக், ஏஎம்டி ஜென் 2 முதல் இதற்கான வன்பொருள் உதவி உண்டு. அதற்கு முந்தைய பிராசசர்களில் மென்பொருளே அந்த வேலையைப் போலியாகச் செய்ய வேண்டியிருப்பதால் விலை கூடுதல். விளையாடும்போது மட்டும் இதை அணைத்துவிட்டுப் பிறகு இயக்கிக்கொள்ளலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே வழி சொல்லியிருக்கிறது. ஓட்டைக்கான பேட்சைத் தொடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

அறிகுறி: விர்ச்சுவல் மெஷின் ஆமை வேகம்

விர்ச்சுவல் மெஷின் என்பது கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி. அது மெதுவாக இரண்டு காரணங்கள் இருக்கலாம். விர்ச்சுவல்பாக்ஸ் பயன்படுத்தினால் முதலில் ஜன்னலின் கீழ்ப்பட்டையைப் பாருங்கள். அங்கே உண்மையாகவே ஒரு பச்சை ஆமைப் படம் இருந்தால், விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி, வன்பொருள் உதவியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகில் ஏறி ஓடுகிறது என்று பொருள். மேலே சொன்ன மெமரி இன்டெக்ரிட்டியை இயக்கினாலே இது நடக்கும். பேட்ச் இங்கே நிரபராதி.

ஆமை இல்லை என்றால் பேட்சை விசாரிக்கலாம். 2018 ஆகஸ்ட் 14-இல் வெளியான ஃபோர்ஷேடோ ஓட்டைக்காக, விர்ச்சுவல் மெஷினுக்குள் நுழையும்போது எல்1 கேஷை (கோருக்கு மிக அருகிலுள்ள கேஷ்) துடைக்க வேண்டியிருக்கிறது. மெஷினுக்குள்ளே ஓடும் இயங்குதளம் தன் பங்குக்குத் தன்னுடைய பேட்சையும் போட்டுக்கொள்வதால் சுங்கம் இரண்டு அடுக்கு. உள்ளே சோதனைக்காக மட்டும், நெட்வொர்க் இல்லாமல் ஓடும் லினக்ஸ் என்றால், உள்ளடுக்கில் தடுப்பைத் தளர்த்துவது பற்றி யோசிக்கலாம். வெளியடுக்கில் கை வைக்க வேண்டாம்.

அறிகுறி: பிராசசரின் த்ரெட்கள் பாதியாகிவிட்டன

டாஸ்க் மேனேஜரில் 'கோர்ஸ்', 'லாஜிக்கல் பிராசசர்ஸ்' என்ற இரண்டு எண்களும் ஒன்றாக இருந்து, உங்கள் பிராசசர் மாதிரிக்கு இரட்டிப்பு இருந்திருக்க வேண்டும் என்றால், ஹைப்பர்த்ரெடிங் அணைக்கப்பட்டிருக்கிறது. 2019 மே 14-இல் வெளிவந்த எம்டிஎஸ் ஓட்டைகளில், ஒரே கோரைப் பங்கிடும் இரண்டு த்ரெட்களில் ஒன்று மற்றதன் தரவை எட்டிப்பார்க்க முடிந்தது. முழுப் பாதுகாப்பு வேண்டுமானால் ஹைப்பர்த்ரெடிங்கையே நிறுத்த வேண்டும். அப்படி முழுத் தடுப்பையும் இயக்கியபோது தங்கள் சோதனைகளில் 40 சதவீதம் வரை வேகம் குறைந்ததாக ஆப்பிள் சொன்னது. ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் அதற்கு முன்பே, 2018 ஜூனில், இன்டெல் பிராசசர்களில் அதை இயல்பாகவே அணைத்துவிட்டது.

விண்டோஸும் பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களும் தாமாக இதை அணைப்பதில்லை. யாராவது பயாஸில் அணைத்திருப்பார்கள், அல்லது கர்னல் விருப்பங்களில் 'நோஎஸ்எம்டி' என்று சேர்த்திருப்பார்கள். பலர் சேர்ந்து நிரல் ஓட்டும் சர்வருக்கு அது நியாயம். நீங்கள் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் வீட்டுக் கணினியில் ஹைப்பர்த்ரெடிங்கைத் திரும்ப இயக்குவதை நான் தவறென்று சொல்ல மாட்டேன், மற்றத் தடுப்புகள் அப்படியே இருக்கும் பட்சத்தில்.

அறிகுறி: பிரவுசர் ரேமை அதிகம் தின்கிறது

2018-இல் குரோம் 67-லிருந்து, ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையில் வைக்கும் சைட் ஐசொலேஷன் பரவலாக இயக்கப்பட்டது. ஸ்பெக்டர் வழியாக ஒரு தளம் இன்னொரு தளத்தின் தரவைப் படிப்பதைத் தடுக்கத்தான். மொத்த நினைவகச் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுள் அப்போது கணக்குச் சொன்னது. இதை அணைக்காதீர்கள். டேப்களை மூடுங்கள்.

அறிகுறி: கணக்கு போடும் நிரல் ஒன்று மட்டும் திடீரென்று மந்தம்

கர்னலைத் தொடாத நிரலுக்கு ஒன்றும் ஆகாது என்று மேலே சொன்னேன். அதற்கு விதிவிலக்கு 2023 ஆகஸ்ட் 8-இல் வந்த டவுன்ஃபால். நினைவகத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் மதிப்புகளை ஒரே அடியில் அள்ளும் 'கேதர்' என்ற கட்டளையில் இருக்கும் ஓட்டை அது. 6-ஆம் தலைமுறை ஸ்கைலேக் முதல் 11-ஆம் தலைமுறை வரையுள்ள இன்டெல் பிராசசர்கள் பாதிக்கப்பட்டன. 12-ஆம் தலைமுறையிலிருந்து பிரச்சினை இல்லை. மைக்ரோகோடு அந்தக் கட்டளையையே மெதுவாக்கிவிடுகிறது, சில வேலைகளில் இழப்பு 50 சதவீதம் வரை போகும். ஏவிஎக்ஸ்2, ஏவிஎக்ஸ்-512 (பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும் கட்டளைத் தொகுப்புகள்) கொண்டு எழுதப்பட்ட படச் செயலாக்கம், அறிவியல் கணக்கீடு போன்றவற்றில் இதைப் பார்க்கலாம்.

இங்கே கர்னல் நேர வரைபடம் தட்டையாகவே இருக்கும், அதுவே துப்பு. நிரலின் மூல வரிகள் (சோர்ஸ் கோட்) உங்கள் கையில் இருந்தால் கேதர் கட்டளை இல்லாமல் மறுபடி கம்பைல் செய்யுங்கள். கம்பைல் செய்யும் கருவியான ஜிசிசி-யின் பிந்தைய பதிப்புகள் பாதிக்கப்பட்ட பிராசசர்களுக்கு அதைத் தாமாக உருவாக்குவதைத் தவிர்க்கின்றன. மூல வரிகள் இல்லை என்றால் அந்த நிரலின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

அறிகுறி: தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, அல்லது துவங்கவே இல்லை

இது மெதுவாவது அல்ல, ஆனாலும் சேர்த்துக் கேட்கப்படும் கேள்வி. 2018 ஜனவரியில் வந்த முதல் மைக்ரோகோடு ஹாஸ்வெல், அடுத்த தலைமுறையான பிராட்வெல் கணினிகளைத் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் செய்தது. அந்த மாதம் 22-ஆம் தேதி அதை நிறுத்தி வைக்கும்படி இன்டெல்லே சொன்னது. அதே மாத விண்டோஸ் அப்டேட்டால் சில பழைய ஏஎம்டி கணினிகள் துவங்காமல் போயின. இத்தனைக்கும் ஏஎம்டி பிராசசர்களுக்கு மெல்ட்டவுன் பாதிப்பே இல்லை. அந்தப் பதிப்புகளை எல்லாம் எப்போதோ மாற்றிவிட்டார்கள். பழைய பயாஸிலேயே உறைந்து கிடக்கும் கணினி என்றால் தயாரிப்பாளரின் கடைசிப் பதிப்பைப் போடுங்கள். இன்றும் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் மின்வழங்கியையும் ரேமையும் சோதியுங்கள்.

அறிகுறி: அப்டேட் போட்ட முதல் ஓரிரு நாள் மட்டும் மந்தம்

பின்னணியில் இன்டெக்ஸ் கட்டுவது, பழைய கோப்புகளைத் துடைப்பது. காத்திருங்கள்.

பேட்ச்தான் காரணம் என்று உறுதியானால்

முதலில் எந்தெந்தத் தடுப்பு இயங்குகிறது என்று பாருங்கள். லினக்ஸில் சிஸ், டிவைசஸ், சிஸ்டம், சிபியூ, வல்னரபிலிட்டீஸ் என்று ஃபோல்டர்களில் ஒவ்வொன்றாக இறங்கினால் ஓட்டைக்கு ஒரு கோப்பு இருக்கும். 'நாட் அஃபெக்டட்' என்று இருந்தால் அந்த ஓட்டைக்கு நீங்கள் எந்த விலையும் கொடுக்கவில்லை. 'மிட்டிகேஷன்' என்று இருந்தால் கொடுக்கிறீர்கள். 'வல்னரபிள்' என்றால் ஓட்டை திறந்தே கிடக்கிறது. விண்டோஸில் கிப்சன் ரிசர்ச் வெளியிட்ட இன்ஸ்பெக்டர் என்ற சின்ன இலவசக் கருவி மெல்ட்டவுன், ஸ்பெக்டர் இரண்டின் நிலையையும் காட்டும், பட்டனை அழுத்தி அணைக்கவும் விடும். ரீஸ்டார்ட் செய்தால்தான் மாற்றம் பிடிக்கும்.

அணைப்பதற்கு முன் இயங்குதளத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். இதை ஏனோ கடைசியாகத்தான் செய்கிறார்கள். முதலில் வந்த தடுப்புகள் முரட்டுத்தனமானவை, பின்னால் வந்தவை நயமானவை. கூகுளில் உருவான ரெட்போலின் முறை 2019-இல் விண்டோஸ் 10-க்கு வந்தது. பிராட்வெல்லும் அதற்கு முந்தையதுமான இன்டெல் பிராசசர்களிலும் ஏஎம்டி பிராசசர்களிலும் ஸ்பெக்டரின் இரண்டு வகைகளில் இரண்டாவதற்கான தடுப்பின் விலையை அது நன்றாகவே குறைத்தது. பழைய விண்டோஸ் 10 பதிப்பிலேயே நின்றுவிட்டவர்கள் அந்தச் சலுகையைத் தவறவிடுகிறார்கள். மாறாக, 2022-இல் வந்த ரெட்பிளீடு ஓட்டை ரெட்போலினையே சில பிராசசர்களில் உடைத்தது. அதைக் கண்டுபிடித்த ஆய்வாளர்கள் அளந்த இழப்பு ஏஎம்டியில் 14, இன்டெல்லில் 39 சதவீதம் வரை. ஸ்கைலேக் காலத்துக் கணினியில் லினக்ஸ் கர்னலை மாற்றியதும் வேகம் விழுந்தது என்றால், அந்த ஃபோல்டரில் முதலில் ரெட்பிளீடு கோப்பைத் திறங்கள்.

லினக்ஸ் 5.2 முதல் 'மிட்டிகேஷன்ஸ்' என்ற ஒரே விருப்பத்தை 'ஆஃப்' என்று வைத்தால் எல்லாம் ஒரேயடியாக அணையும். கை பரபரக்கும். புதிய பிராசசரில் அதனால் கிடைப்பது சொற்பம். லினக்ஸ் சோதனைகளுக்குப் பேர்போன ஃபோரானிக்ஸ் 2022-இல் ஏஎம்டியின் ஜென் 4 பிராசசரை அளந்தபோது, தடுப்பை அணைத்தால் சில வேலைகள் இன்னும் மெதுவாகவே ஓடின. பழைய பிராசசரில் பலன் உண்டு, ஆபத்தும் அதிகம். இந்த ஓட்டைகளைச் சுரண்ட யாரும் உங்கள் வீட்டுக்கு வர வேண்டியதில்லை, பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டே போதும் என்று 2018-லேயே காட்டிவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், பிரவுசர் திறக்காத, வெளியாளின் நிரல் ஓடாத, ஒரே வேலைக்கென்று ஒதுக்கிய கணினியில் மட்டும் அணைக்கலாம். வங்கிக் கணக்கைப் பார்க்கும் கணினியில் 8 சதவீதத்துக்காக இதைச் செய்ய வேண்டாம். காரணம் கண்டுபிடிக்க ஒருமுறை அணைத்து அளப்பது வேறு விஷயம்: இணையத்தைத் துண்டித்துவிட்டு அளங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், திரும்ப இயக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள், 'மிட்டிகேஷன்' என்ற சொல் அந்தக் கோப்புகளுக்குத் திரும்பிவிட்டதைப் பார்த்த பிறகு இணையத்தை இணையுங்கள்.